டேவன்ட்ரிக் குன்றின் குரல்

சரித்திரம் என்றவுடன் அரசர்களின் பெயர்களும் போர்கள் நடந்த ஆண்டுகளும் நினைவுக்கு வருவது நம்மவர் வழக்கம். கோட்டை கட்டினவன் பெயர் கல்லில் நிற்கிறது. படை நடத்தினவன் பெயர் பாட்டில் நிற்கிறது. ஒரு குன்றின் உச்சியில் இரும்புக் கம்பம் நாட்டி, ஆறாயிரம் மைலுக்கு அப்பால் வாழும் மக்களின் செவியைப் பிடித்தவர்களைப் பற்றி விரித்துரைப்பார் அரியர். மலாயாவையும் சிங்கப்பூரையும் ஆண்ட வெள்ளையர் முதலில் கப்பலால் ஆண்டார்கள். பின்னர் தந்தியால் ஆண்டார்கள். கடைசியில் குரலாலும் ஆண்டு பார்த்தார்கள். அக்குரல் பேசப்பட்ட இடம் லண்டன். அது வானில் ஏறிய இடமோ ஆடுகள் மேயும் ஒரு நாட்டுப்புறக் குன்று. அக்குன்றின் வரலாற்றையே இங்கு எழுதப் புகுந்தோம்.

இங்கிலாந்தின் நடுப்பாகத்தில் நார்தாம்ப்டன்ஷயர் என்னும் ஜில்லாவில் டேவன்ட்ரி என்று ஓர் ஊர் உண்டு. அதை அடுத்து நிற்பது பரோ ஹில் எனப்படும் மேடு. கடல் மட்டத்திற்கு மேல் சுமார் 650 அடி உயரம். நம் கேமரன் மலையைக் கண்டவர்கள் அதை மலையென்று ஒப்பமாட்டார்கள். ஆயினும் பண்டைக்கால மக்கள் அதன் சிறப்பை அறிந்திருந்தனர். இரும்புக் காலத்தில் அவர்கள் எழுப்பிய மண்ணரண் அவ்வுச்சியைச் சுற்றி இன்னும் காணக் கிடக்கிறது. பகைவன் வருவதை எட்ட நின்று காண விரும்பியவர்களுக்கு உதவிய அதே உயரம், ஈராயிரம் ஆண்டுகளுக்குப் பின் எட்ட இருப்பவர்களோடு பேச விரும்பியவர்களுக்கும் உதவியது.

பிரிட்டனில் ஒலிபரப்பு முதலில் ஒரு வியாபாரமாகவே தோன்றியது. ரேடியோப் பெட்டி செய்யும் கம்பெனிகள் சில கூடி 1922-ம் ஆண்டில் பிரிட்டிஷ் ஒலிபரப்புக் கம்பெனியை நிறுவின. கேட்பதற்கு ஒன்றுமில்லையேல் பெட்டியை வாங்குவார் யார்? நகரங்களில் சிறு நிலையங்கள் எழுந்தன. ஆனால் அவற்றின் ஒலி நகர எல்லையைத் தாண்டிச் சிறிது தூரமே சென்றது. கிராமத்தான் ஊமை வானத்தின் கீழேயே இருந்தான். விலையுயர்ந்த வால்வு பெட்டி வைத்திருப்பவனுக்கு ஒரு வழி உண்டு. மின்கலமும் வேண்டாத பளிங்குக் கருவியைக் காதில் மாட்டிக்கொள்ளும் ஏழைக்கு, அருகில் வலிய நிலையம் இருந்தாலன்றி வழியில்லை. இக்குறையைப் போக்க நீண்ட அலையில் பெருஞ்சக்தியுடைய ஒரே நிலையத்தை அமைப்பதென்று முடிவு செய்து, 1924-ம் ஆண்டில் செம்ஸ்போர்டு என்னும் ஊரில் சோதித்துப் பார்த்தார்கள். சோதனை பலித்தது. இங்கிலாந்தையும் வேல்ஸையும் மிகுதியாகத் தழுவக்கூடிய இடம் எது என்று தேசப்படத்தை வைத்து ஆராய்ந்தபோது பரோ ஹில் கண்ணில் பட்டது. 1925-ம் ஆண்டு ஜூலை மாதம் 27-ம் தேதி, ஐந்து எக்ஸ் எக்ஸ் என்னும் அடையாளத்தோடு டேவன்ட்ரி நிலையம் பேசத் தொடங்கியது. 500 அடி உயரமுள்ள இரண்டு கம்பங்கள். 25 கிலோவாட் சக்தி. 1,600 மீட்டர் அலைநீளம். உழவன் வீட்டுப் பளிங்குக் கருவியும் அன்று வாய் திறந்தது.

இந்தத் தொடக்கத்தை நாம் மறத்தலாகாது என்று கருதுகிறோம். பின்னர் சாம்ராஜ்யத்தின் ஊதுகுழலாக விளங்கிய அக்குன்று, முதலில் நாட்டுப்புறத்து ஏழையின் பொருட்டே தேர்ந்தெடுக்கப்பட்டது. 1927-ம் ஆண்டு ஜனவரி மாதத்தில் கம்பெனி கலைந்து, அரச பட்டயம் பெற்ற பி.பி.சி. என்னும் பொது நிறுவனம் ஆயிற்று. அதே ஆண்டில் இன்னொரு நிகழ்ச்சியையும் மத்திய அலையில் அனுப்பும் பரீட்சை டேவன்ட்ரியிலேயே தொடங்கியது. 1934-ம் ஆண்டில் ட்ராய்ட்விச் என்னுமிடத்தில் புதிய நிலையம் எழுந்தது. நீண்ட அலை வேலை அங்கே மாறிற்று. அதற்குள் டேவன்ட்ரிக்கு வேறு தொழில் வந்துவிட்டது.

அது சிற்றலைத் தொழில். நீண்ட அலை நிலத்தைத் தழுவிச் செல்வது. சில நூறு மைலில் அதன் வலி ஒடுங்கும். சிற்றலையின் கதை வேறு. பூமிக்கு மேலே, அறுபது மைல் தொடங்கி அதற்கும் அப்பால், சூரிய ஒளியால் மின்னூட்டம் பெற்ற காற்றுப் படலங்கள் உள்ளன. மேல்நோக்கி எறியப்பட்ட சிற்றலை அப்படலத்தில் மோதி வளைந்து, மண்ணுக்குத் திரும்பி, மண்ணிலிருந்து மீண்டும் எழும்பி, பந்துபோல் குதித்துக் குதித்து உலகத்தைச் சுற்றுகிறது. இப்படலம் உண்மையில் உண்டென்பதை 1924-ம் ஆண்டில் சோதனையால் நிறுவியவர் ஆப்பிள்டன் என்னும் விஞ்ஞானி. அதற்காக 1947-ம் ஆண்டில் நோபல் பரிசு பெற்றார். இதிலும் ஒரு சங்கடம் உண்டு. பகலில் நன்றாகச் செல்லும் அலை இரவில் செல்லாது. கோடையில் கேட்பது மாரியில் கேளாது. ஆகவே ஒரே நிலையம் பல அலைநீளங்களை வைத்துக்கொண்டு, பொழுதுக்குத் தக்கபடி மாற்றி மாற்றி அனுப்ப வேண்டும்.

இந்த வித்தையைக் குடியேற்ற நாடுகளுக்கு முதலில் பயன்படுத்தினவர் ஆங்கிலேயர் அல்லர், டச்சுக்காரர். பிலிப்ஸ் கம்பெனியார் 1927-ம் ஆண்டில் ஐந்தோவன் நகரிலிருந்து ஜாவாவுக்குப் பேசினார்கள்; வில்ஹெல்மினா ராணியும் பேசினார். மலாக்கா ஜலசந்திக்கு அப்பால் டச்சுத் தோட்டத் துரை தன் நாட்டுச் சங்கீதத்தைக் கேட்டுக்கொண்டிருக்க, இப்பாலுள்ள ஆங்கிலத் துரை வெறும் காற்றைக் கேட்டுக்கொண்டிருந்தார். அதே ஆண்டு நவம்பர் மாதத்தில் செம்ஸ்போர்டிலிருந்து ஆங்கிலேயரும் ஒரு பரீட்சை நிலையத்தைத் தொடங்கினார்கள் என்றாலும், அது ஐந்தாண்டுகள் பரீட்சையாகவே கிடந்தது. காரணம் விஞ்ஞானமன்று, பணம். பத்து ஷில்லிங் லைசென்ஸ் கட்டும் இங்கிலாந்துக் குடிமகன் எங்கோ காட்டிலிருக்கும் துரைக்காக ஏன் செலவு செய்ய வேண்டும் என்றது ஒரு கட்சி. குடியேற்ற சர்க்கார்களே தரட்டும் என்றது மறு கட்சி. அந்த சர்க்கார்களோ சாம்ராஜ்ய ஒற்றுமை பற்றி மாநாடுகளில் உரத்துப் பேசின. பணப்பையை மட்டும் அவிழ்க்கவில்லை. கடைசியில் பி.பி.சி. தன் சொந்த வருமானத்திலிருந்தே அதைச் செய்யத் துணிந்தது.

1932-ம் ஆண்டு டிசம்பர் 19-ம் தேதி டேவன்ட்ரியிலிருந்து சாம்ராஜ்ய சேவை தொடங்கிற்று. உலகம் ஐந்து மண்டலங்களாகப் பிரிக்கப்பட்டது: ஆஸ்திரேலியா, இந்தியா, ஆப்பிரிக்கா, மேற்கு ஆப்பிரிக்கா, கனடா. மலாயாவுக்கென்று தனி மண்டலம் இல்லை. ஒவ்வொரு மண்டலத்தையும் நோக்கி ஆண்டெனாத் திரைகள் கட்டப்பட்டன. விளக்கின் பின்னே கண்ணாடி வைத்தாற்போல, ஒலியை ஒரு திசையாகத் திருப்புவது அவற்றின் வேலை. ஒரு மண்டலத்தில் மாலையாக இருக்கும்போது மற்றொன்றில் விடியற்காலமாயிருக்குமாதலால், ஒரே நிகழ்ச்சியை ஒரு நாளில் பலமுறை அனுப்ப வேண்டியிருந்தது. இதற்கு எஃகு நாடாவில் ஒலியைப் பதிக்கும் யந்திரமும் பயன்பட்டது. பி.பி.சி.யின் தலைவர் ஜான் ரீத் என்பவர் தொடக்க உரையை அன்று ஐந்து முறை திரும்பத் திரும்ப நிகழ்த்தினார். முதலில் வரும் நிகழ்ச்சிகள் அவ்வளவு சுவையாகவும் இரா, அவ்வளவு நன்றாகவும் இரா என்று நேயர்களை அவர் எச்சரித்தது பிரசித்தம். தம் கடைச் சரக்கைத் தாமே தாழ்த்திக் கூறும் வியாபாரி உலகில் அரிது. அந்த நேர்மைக்காக அவரை மெச்சுகிறோம்.

ஆனால் அச்சேவை யாருக்கு? இதை மறைக்காமல் சொல்லியாக வேண்டும். காட்டிலும் தோட்டத்திலும் சுரங்கத்திலும் தனித்திருக்கும் வெள்ளையருக்கு அது தாய்நாட்டின் கடிதம். மொழி ஆங்கிலம் ஒன்றே. அவ்வாண்டின் கிறிஸ்துமஸ் தினத்தன்று ஐந்தாம் ஜார்ஜ் மன்னர் சாண்ட்ரிங்காம் மாளிகையிலிருந்து தம் பிரஜைகளுக்கு முதன்முறையாக ஒலிபரப்பின் வழியே வாழ்த்துக் கூறினார். உரையை எழுதிக் கொடுத்தவர் கவி கிப்ளிங். இங்கிலாந்தில் பிற்பகல் மூன்று மணி. இங்கு இரவு பத்து மணி. அதே காலத்தில் நம் தோட்டங்களின் நிலை என்ன? ரப்பர் விலை மண்ணாய்ப் போயிருந்தது. கூலி குறைக்கப்பட்டது. 1930-ம் ஆண்டு முதல் ஆயிரமாயிரமாகத் தமிழ்த் தொழிலாளர் கப்பலேற்றி நாகப்பட்டினத்திற்கும் சென்னைக்கும் திருப்பியனுப்பப்பட்டனர். லயங்களில் வீடுகள் பூட்டிக் கிடந்தன. துரை பங்களாவில் மன்னரின் குரல் ஒலித்திருக்கலாம். பெரட்டுக்களத்தில் நின்றவனும் அம்மன்னரின் பிரஜையே. அவனுக்கு விளங்கும் சொல் ஒன்றேனும் அக்குரலில் இல்லை. தோட்டத்துக் காரியாலயத்தில் செக்ரோல் எழுதிப் பழகிய நமக்கு, பெயர்ப் பட்டியலில் இருப்பவன் வேறு, பேச்சில் நினைக்கப்படுபவன் வேறு என்பது புதுச் செய்தியன்று.

குன்றின் வாழ்க்கையில் யாரும் எதிர்பாராத ஒரு நாள் 1935-ம் ஆண்டு பிப்ரவரி 26-ம் தேதி. பகைவரின் ஆகாய விமானத்தைக் கதிர்வீசிக் கொல்ல முடியுமா என்று சர்க்கார் விஞ்ஞானி வாட்சன் வாட் என்பவரைக் கேட்டது. அவருடைய உதவியாளர் வில்கின்ஸ் கணக்குப் போட்டுப் பார்த்து, கொல்ல முடியாது, ஆனால் விமானம் இருக்கும் இடத்தை அறிய முடியும் என்று கண்டார். ரேடியோ அலை விமானத்தில் பட்டுத் தெறிக்குமன்றோ? அத்தெறிப்பைப் பிடிக்க வேண்டியதுதான். புதிய யந்திரம் செய்யக் காலமில்லை. டேவன்ட்ரி எந்நேரமும் 49 மீட்டர் அலையில் உலகத்தோடு பேசிக்கொண்டுதானே இருக்கிறது என்று, அதையே விளக்காக்கிக்கொண்டார்கள். சில மைல் தூரத்தில் ஒரு வயலோரம் மோட்டார் வண்டியில் கருவியை வைத்துக்கொண்டு காத்திருந்தார்கள். ஹெய்போர்டு என்னும் குண்டுவீச்சு விமானம் மேலே போய் வந்தது. கருவியின் பச்சைக் கோடு துடித்தது. எட்டு மைல் வரை விமானத்தைத் தொடர முடிந்தது. ரேடார் என்று பின்னர் பெயர் பெற்ற கருவியின் பிரிட்டிஷ் பிறப்பு இதுவே. ஐந்தாண்டுகள் கழித்து ஜெர்மன் விமானங்கள் திரண்டு வந்தபோது இங்கிலாந்தின் கரையைக் காத்த கோபுரங்களெல்லாம் அந்த வயலோரத்துப் பச்சைக் கோட்டின் சந்ததிகள். அன்று டேவன்ட்ரியைக் கேட்டுக்கொண்டிருந்த நேயர்களில் எவருக்கும் இது தெரியாது.

இங்கு சிங்கப்பூரில் 1937-ம் ஆண்டு மார்ச் மாதம் கால்டெகாட் குன்றில் ஒலிபரப்பு நிலையம் திறக்கப்பட்டது. மலாயாவுக்குச் சொந்தக் குரல் ஒன்று கிடைத்தது. ஆயினும் உலகச் செய்தி வேண்டுவோர் பெட்டியின் முள்ளை டேவன்ட்ரிக்கே திருப்பினர்.

இதற்குள் இத்தாலி பாரி நகரிலிருந்து அராபிய மொழியில் ஆங்கிலேயரைத் தூற்றிப் பேசத் தொடங்கியிருந்தது. பிறர் மொழியில் பேசினாலன்றிப் பிறர் செவி கிட்டாது என்னும் எளிய உண்மையைப் பி.பி.சி.க்குக் கற்பித்த ஆசிரியர் முசோலினியே என்றால் மிகையாகாது. 1938-ம் ஆண்டு ஜனவரி 3-ம் தேதி டேவன்ட்ரியிலிருந்து முதல் அந்நிய மொழிச் சேவை, அராபியச் சேவை, தொடங்கியது. செலவு சர்க்காருடையது. முதல் நாள் செய்தியிலேயே ஒரு சோதனை வந்தது. பாலஸ்தீனத்தில் ஆயுதம் வைத்திருந்த குற்றத்திற்காக ஓர் அராபியர் அன்று காலை பிரிட்டிஷ் இராணுவ நீதிமன்றத்தின் தீர்ப்பால் தூக்கிலிடப்பட்டிருந்தார். நட்பு நாடிப் பேசத் தொடங்கும் நாளில் இதைச் சொல்வதா? சொன்னார்கள். வெளிநாட்டு மந்திரி அலுவலகத்தார் சினந்தார்கள். வேண்டாத செய்தியை விட்டுவிடுவது உண்மையை மறைப்பதேயாகும் என்பது ஒலிபரப்பாளர் தரப்பின் வாதம். இந்தச் சண்டையில் அவர்கள் பக்கமே நியாயம் இருந்ததென்பது நம் அபிப்பிராயம். பின்வந்த காலத்தில் அவர்களும் எல்லாச் சமயத்தும் அதே உறுதியோடு நின்றார்கள் என்று சொல்லமாட்டோம். யுத்தகாலத்தில் தணிக்கைக்கு உட்படாத குரல் ஏது? ஆனால் தன் நாட்டுக்குப் பாதகமான செய்தியையும் சொல்லும் குரல் என்ற பெயர் ஒருமுறை ஏற்பட்டபின், அதன் விலையைப் பகைவனும் அறிந்துகொண்டான்.

1940-ம் ஆண்டு மே மாதம் ஹிந்துஸ்தானி வந்தது. 1941-ம் ஆண்டு மே மாதம் 2-ம் தேதி மலாய். மறுநாள் 3-ம் தேதி தமிழ். அதே மாதத்தில் சீன மொழியும் வந்தது. ஜப்பான் அபாயம் கண்முன் தோன்றிய பின்னரே கிழக்கத்தியார் மொழிகள் லண்டனுக்கு நினைவு வந்தன என்பதைத் தேதிகளே சொல்கின்றன. அக்காலத்துத் தமிழ்ச் செய்திக் கடிதங்கள் சிலவற்றுக்கு ஆங்கில மூலம் எழுதிக் கொடுத்தவர் ஜார்ஜ் ஆர்வெல். பீகாரிலுள்ள மோதிஹாரியில் பிறந்து, பர்மாவில் போலீஸ் உத்தியோகம் பார்த்து, அவ்வுத்தியோகத்தை வெறுத்து விட்டவர். ஏகாதிபத்தியத்தைக் கண்டித்து எழுதியவர். அவர் எழுத்து தமிழாகி, ஏகாதிபத்தியத்தின் ஆண்டெனாவில் ஏறித் தமிழர் வீட்டில் இறங்கியது. சரித்திரத்துக்கு நகைச்சுவை இல்லை என்பார் இதனைச் சிந்திக்க.

1942-ம் ஆண்டு பிப்ரவரி 15-ம் தேதி சிங்கப்பூர் வீழ்ந்தது. ஜப்பானியர் சிற்றலை கேட்பதைத் தடுத்தனர். அதுவரை பொழுதுபோக்காயிருந்த ஒரு காரியம் அன்று முதல் உயிர்க் குற்றம் ஆயிற்று. சாங்கியில் அடைபட்டிருந்த வெள்ளையர் இரகசியமாகப் பெட்டிகள் அமைத்துக் கேட்டனர். 1943-ம் ஆண்டு அக்டோபர் 10-ம் தேதி கெம்பித்தாய் என்னும் இராணுவப் போலீசார் அங்கே புகுந்தனர். 57 பேர் விசாரணைக்கு இழுத்துச் செல்லப்பட்டு, 15 பேர் மாண்டனர். கைதிகளுக்குப் பொருள்களை மறைவாக அனுப்பிய எலிசபெத் சோய் என்னும் மாதரசியும் கணவரும் பட்ட சித்திரவதை நாடறிந்தது.

பேராக் மாநிலத்தில் பாப்பான் என்னும் சிற்றூரில் நடந்தது இன்னும் நமக்கு அண்மையானது. சிபில் கார்த்திகேசு என்னும் யுரேஷிய மாது, தைப்பிங்கில் பிறந்த தமிழரான டாக்டர் ஏ. சி. கார்த்திகேசுவின் மனைவி. மருத்துவத் தாதியான அவர் சீன மொழி பேசவும் வல்லவர். ஈப்போவில் மருத்துவசாலை வைத்திருந்த இத்தம்பதிகள் யுத்தத்தின்போது பாப்பானுக்குச் சென்று, காட்டிலிருந்து வந்த எதிர்ப்புப் படையினருக்கு மறைவில் சிகிச்சை செய்தனர். வீட்டில் ரேடியோவை ஒளித்து வைத்து, பி.பி.சி. செய்தியைக் கேட்டு நம்பத் தகுந்தோருக்குச் சொல்லி வந்தனர். 1943-ம் ஆண்டில் பிடிபட்டனர். சிபிலின் ஏழு வயது மகளை மரத்தில் கட்டித் தொங்கவிட்டுக் கீழே நெருப்பு மூட்டுவதாக மிரட்டியும் அவர் எவரையும் காட்டிக்கொடுக்கவில்லை. அடியினால் நடக்கும் சக்தியை இழந்தார். விடுதலைக்குப் பின் இங்கிலாந்துக்குக் கொண்டுசெல்லப்பட்டு, ஜார்ஜ் பதக்கம் பெற்று, 1948-ம் ஆண்டு ஜூன் மாதம் 12-ம் தேதி ஸ்காட்லாந்தில் காலமானார். மறு ஆண்டு அவர் உடல் ஈப்போவுக்குக் கொண்டுவரப்பட்டு அடக்கம் செய்யப்பட்டது.

அவர் கேட்ட குரல் டேவன்ட்ரியின் கம்பத்திலிருந்தே வந்ததா என்று கேட்டால், அவருக்கே அது தெரிந்திருக்க வழியில்லை. யுத்தகாலத்தில் ஸ்கெல்டன், வூப்பர்டன் முதலிய நிலையங்களும் தோன்றி உதவின. நேயர் காதில் எல்லாம் ஒரே குரல். அச்சமயத்தில் நம்மவரைக் கவர்ந்த வேறு குரலும் உண்டு என்பதை மறைப்பது நீதியாகாது. 1943-ம் ஆண்டில் சிங்கப்பூர் வந்த சுபாஷ் சந்திர போஸின் குரல் தோட்டத் தொழிலாளர் உள்ளத்தில் எழுப்பிய கிளர்ச்சியை எந்த இங்கிலாந்துக் கம்பமும் எழுப்பவில்லை. மன்னரின் உரையில் இல்லாத ஒன்றை, தாமும் மனிதர் என்று அழைக்கப்படுவதை, அவர்கள் அதில் கேட்டார்கள். ஒரு தமிழ் டாக்டர் வீட்டில் லண்டன் குரலைக் கேட்டதற்காகச் சித்திரவதை. அதே நாட்டின் லயங்களில் லண்டனை எதிர்த்த குரலுக்கு ஆரவாரம். இரண்டும் நம் சரித்திரமே. ஒன்றைச் சொல்லி மற்றொன்றை விடுவோர் பாதிச் சரித்திரம் எழுதுபவர்கள்.

யுத்தம் முடிந்தபின் டேவன்ட்ரியின் வேலையில் ஒரு பங்கு நம் நாட்டுக்கே வந்தது. ஜோகூரில் தெப்ராவ் என்னுமிடத்தில் அமைந்த சிற்றலை நிலையத்தை 1948-ம் ஆண்டில் பி.பி.சி. ஏற்றுக்கொண்டது. லண்டனிலிருந்து வந்ததைப் பிடித்துக் கீழ்த்திசை நாடுகளுக்கு வலுவாக மறு ஒலிபரப்புச் செய்வது அதன் கடமை. ஒரு காலத்தில் மலாயாக் காட்டின் கட்டாப்பெர்ச்சாப் பால்தான் கடலடித் தந்திக் கம்பிகளுக்கு உறையாகி, சாம்ராஜ்யத்தின் பேச்சைச் சுமந்தது. இப்போது மலாயா மண்ணே கம்பத்தைச் சுமந்தது. தெப்ராவ் 1979-ம் ஆண்டு வரை வேலை செய்தது. பின்னர் சிங்கப்பூரின் வடமேற்கு மூலையிலுள்ள கிராஞ்சி அப்பொறுப்பை ஏற்றது.

டேவன்ட்ரி 1992-ம் ஆண்டு மார்ச் மாதத்தில் ஓய்ந்தது. அறுபத்தாறு ஆண்டுகளுக்கு மேல் இடைவிடாது பேசிய குன்று. கம்பங்கள் ஒவ்வொன்றாகச் சாய்க்கப்பட்டன. ஒன்றை மட்டும் விட்டுவைத்து, அதில் உள்நாட்டு டிஜிட்டல் ரேடியோவை ஏற்றினார்கள். குன்றின் ஒரு பகுதி இப்போது ஊரார் உலாவும் பூங்கா. செய்மதியும் இண்டர்நெட்டும் வந்தபின் வான்படலத்தில் பந்தெறிவதற்கு அவசியம் குறைந்தது என்பது காரணம். செலவுக் கணக்கும் காரணம். 1932-ம் ஆண்டில் எழுந்த கேள்வி, அதாவது அயல்நாட்டான் கேட்பதற்கு உள்நாட்டான் ஏன் பணம் தர வேண்டும் என்பது, வேறு உடையில் மீண்டும் வந்தது. மலாய்ச் சேவை 1991-ம் ஆண்டில் நிறுத்தப்பட்டது. தமிழோசையின் வானொலி ஒலிபரப்பு 2017-ம் ஆண்டு ஏப்ரல் 30-ம் தேதியோடு முடிந்தது. எழுத்திலும் காட்சியிலும் மட்டும் அது தொடர்ந்தது. தூக்குத் தண்டனைச் செய்தியோடு தொடங்கிய அராபிய வானொலி 85 ஆண்டுகள் பேசி 2023-ம் ஆண்டு ஜனவரியில் நின்றது. கிராஞ்சி நிலையமும் அதே ஆண்டில் மூடப்பட்டது.